பதினேழாம் பக்கம்

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறது. அங்கே நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? என் மருமகளுக்கு இன்னும் எத்தனை பேரைக் கடிக்க உத்தேசம்?

விஷயம் இதுதான். நேற்று மூத்த டிரைவர் எங்கள் கண்ணாடிக் கடைக்கு வந்தார். அப்பா பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராகச் சேர்ந்த அதே வருடம் வண்டி ஓட்டச் சேர்ந்தவர். சின்ன வயதில் நீ ‘ஹார்ன் மாமா’ என்று கூப்பிடுவாயே, அவரேதான். புதுக் கண்ணாடிக்குப் பார்வை சோதிக்க வேண்டும் என்றார். நாற்காலியில் உட்கார வைத்து எழுத்துப் பலகையைக் காட்டினால், எழுத்தைப் படிக்காமல் அப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அவர் பார்வை எத்தனை என்று எனக்கு இன்னும் தெரியாது.

நவம்பரில் அப்பாவின் முதல் நினைவு நாள் வருகிறது அல்லவா, டிப்போ ஓய்வறையில் ஒரு கூட்டம் வைக்கிறார்களாம். சின்னதாக ஒரு புத்தகமும் போடப்போகிறார்கள். டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் எல்லோரும் ஆளுக்கு அரைப் பக்கம், குடும்பத்துக்கு ஒரு முழுப் பக்கம். “உங்க அக்கா எழுதட்டும். நூலகத்துல இருக்கிற பொண்ணு. நீ வேணாம், நீ எழுதினா மருந்துச் சீட்டு மாதிரி இருக்கும்” என்று என் முகத்துக்கு நேரே சொன்னார்.

புத்தகத்தின் தலைப்பு ‘ஒரு நிமிஷம்’. ஒரு ஆள்கூட மறுப்புச் சொல்லவில்லையாம். நேரத்துக்கு முன்னால் எவராவது வண்டியை நகர்த்தினால் அப்பா ஜன்னல் வழியே கையை நீட்டி ‘ஒரு நிமிஷம்’ என்பாரே, அதனால்தானே முப்பத்தொரு வருடம் அவருக்கு ‘நிமிஷம் சார்’ என்று பெயர். அந்த ஒரு நிமிஷம் தாண்டியும் எவராவது நின்றால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட மனிதர் வீட்டுக்கு வந்து அக்கார்டியனைத் தோளில் மாட்டித் துருத்தியை இழுத்தால், தாளம் கிழக்கே போனால் அவர் மேற்கே போவார். இரண்டையும் சேர்த்து எழுது. ஜூன் கடைசிக்குள் அனுப்பினால் போதும்.

அம்மா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

என்றும் உன் அன்புத் தம்பி


ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் மூவரும் நலம். பாப்பாவுக்கு எட்டுப் பல். எட்டும் என் தோளில் பதிந்திருக்கிறது. அம்மாவைப் படி ஏறி இறங்க விடாதே. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். கேட்க மாட்டார், இருந்தாலும் சொல்.

ஒரு பக்கம்தானே, எழுதிவிடலாம். படித்தவர்கள் சிரிக்க வேண்டும் என்றால் நான் மூன்றாம் வகுப்பில் பள்ளிப் பாட்டுப் போட்டியில் செய்ததை எழுதுகிறேன். அக்கார்டியனோடு கடைக்காரர் கொடுத்த பயிற்சிப் புத்தகம் உனக்கு நினைவிருக்கும். பதினாறு பக்கம் வரை விரல் பயிற்சி, பதினேழாம் பக்கத்தில் முதல் பாட்டு. மொத்தம் அறுபது பக்கம். அப்பா பதினேழிலேயே வீடு கட்டிக் குடியேறிவிட்டார். பாட்டின் நடுவில் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கிவிடும். ‘ஒரு நிமிஷம்’ என்று சொல்லி, வலது கையை எடுத்துக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுத் தொடர்வார். பிறந்ததிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவளுக்கு அது பாட்டில் இருக்கிற வரி இல்லை என்று எப்படித் தெரியும்? மேடையில் ‘லா லா’ என்று பாடிக்கொண்டே போய், பாதியில் ‘ஒரு நிமிஷம்’ என்று அழகாக இழுத்து, கையை மூக்குக்குக் கொண்டுபோனேன். நடுவராக இருந்த டீச்சர் பேனாவை வைத்துவிட்டு, “சரிம்மா, மெதுவா” என்றார். ஆறுதல் பரிசுகூட இல்லை. முன்வரிசையில் ஒரே ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். அவருக்கும் அதில் ஒரு தவறும் தெரியவில்லை.

அது இருக்கட்டும். அந்த அக்கார்டியனை எனக்கு அனுப்பு. எனக்குத்தான் என்று அப்பா எத்தனையோ தடவை சொன்னது உனக்கே தெரியும். போன வருடம் வந்து பத்து நாள் இருந்தும் கேட்க வாய் வரவில்லை. இப்போது கேட்கிறேன். நன்றாகக் கட்டி ரயிலில் போடு.

அம்மாவுக்கு என் முத்தங்கள். உனக்கு ஒரு குட்டு.

அக்கா


மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் சுகம் என்று அறிந்து மகிழ்ச்சி. குட்டும் வந்து சேர்ந்தது. அம்மா ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறார், நான் சொன்னதால் அல்ல, தானாகவே யோசித்ததாக.

அக்கார்டியன் விஷயம். அனுப்புவதில் எனக்கு என்ன ஆட்சேபம்? ஆனால் துருத்தியில் ஒரு இடத்தில் கிழிசல் இருக்கிறது. இழுத்தால் ஆஸ்துமாக்காரர் மாதிரி மூச்சு விடுகிறது. சரிசெய்து அனுப்புகிறேன். அவசரம் ஒன்றும் இல்லையே?

நீ போட்டியை எழுதினால் கண்ணாடியைப் பற்றி அதிகம் எழுதாதே. என் பிழைப்பு இருக்கிறது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவனால் சொந்த அப்பாவின் மூக்கில் ஒன்றை நிற்கவைக்க முடியவில்லை என்று கடையில் இன்றும் பேச்சு. எத்தனை தடவை அதன் காதுக்கொக்கியை வளைத்திருப்பேன். மூக்குப் பட்டையை மாற்றினேன், சட்டத்தையே மாற்றினேன். கடையில் தலையைக் குனியச் சொன்னால் குனிவார், உலுக்கச் சொன்னால் உலுக்குவார், கண்ணாடி பசை போட்ட மாதிரி நிற்கும். வீட்டுக்குப் போய்ப் பதினேழாம் பக்கத்தைத் தொட்டதும் இறங்கிவிடும். எங்கள் முதலாளி ஒருநாள், “உங்க அப்பாவை வேற கடைக்குப் போகச் சொல்லேன்” என்றார். அப்பாவிடம் சொன்னபோது அவர் என்னைவிட வருத்தப்பட்டார். “உன் மேல தப்பில்லடா, என் மூக்கு அப்படி” என்றார்.

உன் பக்கம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது?

தம்பி


மே 24

தம்பிக்கு,

எல்லோரும் நலம். இது முதல் நினைவூட்டல். எங்கள் நூலகத்தில் இதை மஞ்சள் அட்டையில் அனுப்புவோம். மஞ்சள் அட்டை வீட்டில் இல்லாததால் வெள்ளையில் எழுதுகிறேன்.

கிழிசலோடு அனுப்பு. இங்கே பார்த்துக்கொள்கிறேன். அப்பாவே சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிச் சமாளித்த துருத்திதானே அது.

பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மாவின் முழங்காலைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை.

அக்கா


ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முழங்காலும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

கிழிசலைக்கூட விடு, பெட்டியின் சாவி காணவில்லை. வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறேன். சாவி இல்லாமல் பெட்டியைத் திறப்பதும் கஷ்டம், திறக்காமல் அனுப்புவதும் சரியில்லை. மழைக்காலம் வேறு வருகிறது. ஈரம் பட்டால் உள்ளே இருக்கிற தகடெல்லாம் துரு ஏறிவிடும் என்று விஷயம் தெரிந்த ஒருவர் சொன்னார். கொஞ்சம் பொறு.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. புதுக் கண்ணாடியை வாங்கிப்போக ஹார்ன் மாமா வந்தார். போகிற போக்கில் அவர் சொன்னதைக் கேட்டுக் கையில் இருந்த லென்ஸைக் கீழே போட்டேன். அப்பா வேலையில் இருந்த கடைசி நாள் அக்கார்டியனை டிப்போவுக்குத் தூக்கிக்கொண்டு போய், அங்கிருந்து உனக்குப் போன் போட்டாராமே. என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. ரிசீவரை மேசையில் வைத்து, அது அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் பதிவேடுகளை அடுக்கி, அதன் முன்னால் உட்கார்ந்து பதினேழாம் பக்கம் வாசித்தாராம். நாலு மணி வண்டி ஹார்ன் மாமாவுடையது. கிளம்பச் சீட்டு வேண்டும், கொடுக்க வேண்டியவர் துருத்தி இழுக்கிறார். மாமா ஜன்னலில் நின்று முழுவதும் கேட்டார். பயணிகள் கத்தியிருக்கிறார்கள்.

இப்போது கேள். அப்பா நடுவில் நிறுத்தவே இல்லையாம். ஒரு நிமிஷம் என்று சொல்லவில்லை, கண்ணாடியைத் தொடவில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒரே ஓட்டம். அதற்காக மூன்று மாதம் மதிய இடைவேளையில் டயர் கிடங்கில் உட்கார்ந்து பழகினாராம். வாசித்து முடித்து, போனில் ஏதோ பேசிவிட்டு, பதிவேட்டை எடுத்துத் தன் கையால் எழுதியிருக்கிறார். ‘நாலு மணி வண்டி. தாமதம் ஆறு நிமிடம். காரணம்: நேரக்காப்பாளர்.’ முப்பத்தொரு வருடத்தில் அவரால் வந்த ஒரே தாமதம். மாமா அந்தத் தாளைக் காட்டினார். அதே கையெழுத்து, அதே அடிக்கோடு.

ஆக, பதினேழாம் பக்கத்தை முழுசாகக் கேட்ட ஒரே ஆள் நம் வீட்டில் நீதான். நான் இருபத்தாறு வருடம் கேட்டும் பாதிப் பாதியாகத்தான் கேட்டேன். போட்டிக் கதை எதற்கு, இதையே எழுது. எப்படி இருந்தது என்று எனக்கு முதலில் எழுது.

பொறாமையுடன்,
தம்பி


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பாப்பாவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? கோபம் என்றால் திட்டியாவது எழுது. உன் திட்டு வராத மாதம் எனக்குச் சம்பளம் வராத மாதம் மாதிரி இருக்கிறது. சாவி கிடைத்துவிட்டது. ஆனால் பூட்டு இறுகியிருக்கிறது.

அச்சகத்துக்காரர் ஜூன் கடைசியை ஆகஸ்ட் கடைசி ஆக்கினார். உன் பக்கத்தை விட்டுவிட்டு அச்சடிக்க மாட்டேன் என்று ஹார்ன் மாமா ஒற்றைக்காலில் நிற்கிறார்.

தம்பி


ஆகஸ்ட் 28

தம்பிக்கு,

உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கும் மற்றவர்களுக்கும்.

முதலில் உன் கணக்கைப் பார்க்கிறேன். மே மாதம் துருத்தி கிழிந்தது. ஜூனில் சாவி தொலைந்தது. சாவி இல்லாத பெட்டிக்குள் கிழிசலை எப்படிப் பார்த்தாய்? ஜூலையில் சாவி வந்ததும் பூட்டு இறுகிவிட்டது. புத்தகத்தைத் தொலைத்துவிட்டு வருகிற பிள்ளைகள்கூட இதைவிட ஒழுங்காகப் பொய் சொல்வார்கள். விற்றுவிட்டாயா? விற்றிருந்தால் விற்றேன் என்று சொல். எவரிடம் இருக்கிறது என்று மட்டும் எழுது. நான் அவர் வீட்டு வாசலில் போய் நின்றாவது ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஏன் இப்படிப் பறக்கிறாள் என்று நினைப்பாய். நீ ஜூனில் எழுதிய கடிதத்துக்கு இரண்டு மாதமாகப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கப்போவதில்லை.

நான் கேட்கவில்லைடா.

அன்று நாலு மணிக்குப் போன் வந்தது. “இன்னிக்குக் கடைசி நாளும்மா. பதினேழாம் பக்கம் வாசிக்கப்போறேன், கேக்குறியா” என்றார். “வாசிங்கப்பா” என்றேன். பாப்பாவுக்கு அப்போது மூன்று மாதம். இரண்டு வரி ஆகியிருக்காது, உள்ளே அவள் அழுதாள். “ஒரு நிமிஷம்ப்பா” என்று சொல்லி ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு ஓடினேன். எத்தனை வருடமாகக் கேட்கிற பாட்டு, எப்படியும் நடுவில் நிறுத்துவார், அதற்குள் வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பாப்பாவுக்குத் துணி மாற்றித் தூக்கிக்கொண்டு வந்து ரிசீவரை எடுத்தால் அவர் மூச்சு வாங்குகிற சத்தம். “எப்படிம்மா இருந்துச்சு?” என்றார். “ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா. வழக்கம்போலவே” என்றேன்.

வழக்கம்போலவே என்றேன்டா. மூன்று மாதம் டயர் கிடங்கில் உட்கார்ந்து பழகியவரிடம். “சரிம்மா, வண்டி நிக்குது, வெச்சுடறேன்” என்றார். அடுத்த ஐந்து மாதத்தில் போய்விட்டார்.

நீ எழுதியதைப் படிக்கிற வரைக்கும் அது எனக்குச் சாதாரணமான ஒரு போன்தான். இப்போது போன் அடித்தால் எடுக்க உன் மாமாவை அனுப்புகிறேன். புத்தகத்தில் என் பக்கத்தைக் காலியாக விடு. அதுதான் நியாயம். அக்கார்டியன் இருந்தால் அனுப்பு. வாசிக்கத் தெரியாது எனக்கு. பக்கத்தில் வைத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

அம்மாவிடம் இதைச் சொல்லாதே.

அக்கா


செப்டம்பர் 9

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம், உன் தம்பி நலம். நீ நலமாக இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். என்னிடம் சொல்லாதே என்று நீ எழுதியிருந்ததை உன் தம்பி உரக்கப் படித்துக் காட்டினான். அவனைத் திட்டாதே. சாப்பிடாமல் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், நான்தான் பிடுங்கினேன்.

நீ கேட்கவில்லை என்று உன் அப்பாவுக்குத் தெரியும். அன்று வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கி வைத்ததும் முதல் பேச்சே அதுதான். “நடுவுல பேத்தி அழுதா. இவ போயிட்டா” என்றார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. இத்தனை நாள் பழகினீர்களே என்றேன். “போகாம நின்னு கேட்டிருந்தா நானே திட்டியிருப்பேன். புள்ள அழுவுது, இவளுக்கு என்ன பாட்டு” என்றார். ஆள் இல்லை என்று தெரிந்த பிறகு ஏன் வாசித்தீர்கள் என்று கேட்டேன். “பேத்தி அழுகையை நிறுத்திட்டா. அது போன்ல நல்லாக் கேட்டுச்சு. சரி, அவ கேக்குறான்னு வாசிச்சேன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ரெண்டு இடத்துல தப்பு வேற. நல்ல வேளை, அவ இல்ல” என்றார். நீ வழக்கம்போலவே என்று சொன்னாயாம். அதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஒரு மனிதர் வயிறு குலுங்கச் சிரித்த விஷயத்துக்கு நீ இரண்டு மாதம் அழுதிருக்கிறாய். எங்கே போய்ச் சொல்ல.

அடுத்தது அக்கார்டியன். உன் தம்பி விற்கவில்லை. அது என்னிடம் இருக்கிறது. ஜனவரியிலிருந்து நான் அதை வாசிக்கக் கற்றுக்கொள்கிறேன். சிரிக்காதே.

தீயணைப்புப் படை பேண்டில் வாசித்து ஓய்வு பெற்ற ஒருவர் செவ்வாயும் வெள்ளியும் வருகிறார். கீழ் வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போன பிறகுதான் பாடம். உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று உன் தம்பியிடம் நான்தான் சொல்லிவைத்தேன். வாசிப்பு கைக்கு வந்தால் நினைவு நாளில் வாசிக்கலாம், வராவிட்டால் இந்த வயதில் இவளுக்கு என்ன ஆசை என்று நாலு பேர் சிரிக்க வேண்டாம் என்று பார்த்தேன். பாவம், அவனுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. என்ன பெட்டியோ, இரண்டு வயதுக் குழந்தையை மடியில் வைத்த மாதிரி கனக்கிறது. முழங்கால் வலி படி ஏறினதால் வந்ததில்லை.

ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். பதினேழாம் பக்கத்தில் உன் அப்பா நிறுத்துகிற இடம் இருக்கிறதே, அதற்கு அடுத்ததாகத் துருத்தியை மூடிக்கொண்டே வலது கை எட்டுக் கட்டை தாண்டிக் குதிக்க வேண்டும். மகா கஷ்டம். அந்த இடத்துக்கு வந்ததும் என் கையும் தானாக நின்றுவிட்டது. அப்போதுதான் புரிந்தது. கண்ணாடியில் ஒரு குற்றமும் இல்லை. கையை மெதுவாக அடுத்த இடத்துக்குக் கொண்டுபோக அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. முப்பது வருடம் மூக்கின் மேல் பழியைப் போட்டிருக்கிறார்.

போனில் வாசித்த மறுநாள் எனக்கு நிறுத்தாமல் வாசித்துக் காட்டினார். எனக்குப் பிடிக்கவில்லை. வேறு ஆள் வீட்டுக்குள் வந்த மாதிரி இருந்தது. பழையபடி வாசியுங்கள் என்றேன். கடைசி வரைக்கும் பழையபடிதான் வாசித்தார். நீ கேட்காமல் போனது அந்த ஒரு தடவை. வழக்கம்போல இருந்ததை எல்லாம் நீ கேட்டாய்.

நினைவு நாளுக்கு வந்து சேர். பாப்பாவுக்கு என் ஆசி.

அம்மா


செப்டம்பர் 9, அதே உறைக்குள்

அக்கா,

என் மேல் தப்பில்லை. இரண்டு விஷயத்திலும் தப்பில்லை. அம்மா கண்டுபிடித்ததை முதலாளியிடம் சொன்னேன். அவர் கடையில் இருந்த எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பா ‘என் மூக்கு அப்படி’ என்று சொன்னபோது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு வருத்தம். நான் அன்று ராஜினாமா செய்வதைப் பற்றிக்கூட யோசித்தேன்.

தீயணைப்பு மாஸ்டருக்கும் அம்மாவுக்கும் ஒரே சண்டை. “அம்மா, நடுவுல நிறுத்தாதீங்க, புத்தகத்துல நிறுத்தம் இல்ல” என்கிறார். “உங்க புத்தகத்துல இல்ல” என்கிறார் அம்மா.

கோபம் போய்விட்டதா?

தம்பி


அக்டோபர் 2

அன்புள்ள அம்மாவுக்கும் தம்பிக்கும்,

நலம். இந்தத் தடவை உண்மையிலேயே நலம். அம்மாவின் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் ‘ரெண்டு இடத்துல தப்பு வேற’ என்ற வரியில் சிரித்துவிடுகிறேன், அடுத்த வரியில் அழுதுவிடுகிறேன். இங்கே வீட்டில் மாமா பயந்துபோய்ச் சமையலைக் கையில் எடுத்துக்கொண்டார். அது தனித் துன்பம்.

தம்பி, உன்னைத் திருடன் என்று நினைத்ததற்கு மன்னித்துக்கொள். பொய்யன் என்று நினைத்ததற்கு மன்னிப்பு இல்லை. அக்கார்டியன் அம்மாவிடமே இருக்கட்டும். நூலக வழக்கப்படி சொன்னால், காலவரையின்றிப் புதுப்பித்தாயிற்று.

நினைவு நாளுக்கு இரண்டு நாள் முன்னால் வந்துவிடுவேன். டிக்கெட் எடுத்தாயிற்று. என் பக்கத்தை நேரில் கொண்டுவருகிறேன்.

அக்கா


நவம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தந்தி கிடைத்தது. பாப்பாவுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது? டாக்டர் பயணம் கூடாது என்று சொன்ன பிறகு வருத்தப்பட்டு ஒன்றும் ஆகாது. அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். “புள்ளைக்குக் காய்ச்சல், இவளுக்கு என்ன பாட்டு” என்றார். அவர் யாரைப் போலச் சொன்னார் என்பது சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. உள்ளே போய்விட்டார்.

கூட்டம் பதினெட்டாம் தேதி மாலை. ஹார்ன் மாமா ஒரு யோசனை சொன்னார். நாலு மணிக்கு வீட்டில் இரு. போன் அருகில் உட்கார். புது நேரக்காப்பாளரிடம் அனுமதி வாங்கிவிட்டோம். சின்ன வயதுக்காரர், அப்பாவிடம் பழகியவர், அதனால் வேர்த்து விறுவிறுத்துப் போயிருக்கிறார்.

புத்தகம் அச்சாகிவிட்டது. உன் பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. நாளைக்கே ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

தம்பி


நவம்பர் 19

அன்புள்ள தம்பிக்கு,

பாப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. மறுபடி கடிக்கிறாள். அம்மாவின் முழங்கால் நேற்றைக்குப் பிறகு எப்படி இருக்கிறது?

நேற்று மூன்றரைக்கே போன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டேன், எழுந்து போக ஒரு காரணமும் மிச்சம் இருக்கக்கூடாது என்று. நாலு மணிக்கு மணி அடித்தது. முதலில் உன் இருமல், பிறகு நாற்காலி நகர்கிற சத்தம், பிறகு யாரோ ஒருவரை “தள்ளி நில்லுங்கப்பா” என்று அதட்டுகிற அம்மாவின் குரல். துருத்தி மூச்சு இழுத்தது. அந்தக் கிழிசல் உண்மைதான் போலிருக்கிறது.

அம்மா மெதுவாக வாசித்தார். தப்புகள் இருந்தன, இரண்டுக்கு மேலேயே. நான் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பாப்பா வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த பாட்டு அல்லவா.

பாதிக்குக் கொஞ்சம் முன்னால் வாசல் மணி அடித்தது. நான் எழவில்லை. மறுபடி அடித்தது, கதவையும் தட்டினார்கள். கதவைப் பார்த்து என் முழுக் குரலில் “ஒரு நிமிஷம்” என்று கத்தினேன். அதே நேரம் போனுக்குள் பாட்டு நின்றது. அம்மா நிறுத்தினார். நாற்பது டிரைவர்கள், கண்டக்டர்கள், மெக்கானிக்குகள் எல்லோரும் ஒரே குரலில் “ஒரு நிமிஷம்” என்றார்கள். நீயும் சொன்னாய், உன் குரல் தனியாகக் கேட்டது. அம்மாவுக்குக் கண்ணாடியே கிடையாதே, அவர் கை மூக்குக்குப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். பிறகு எட்டுக் கட்டை தாண்டிக் குதித்து, கடைசி வரிக்கு வந்து சேர்ந்தார்.

கடைசி வரை கேட்டேன்டா. முடிந்த பிறகும் வெகுநேரம் ரிசீவரை வைக்கவில்லை. அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு, “எப்படிடி இருந்துச்சு?” என்றார். “வழக்கம்போலவே இருந்துச்சும்மா” என்றேன். அதைவிட நல்ல வார்த்தை எனக்குத் தெரியவில்லை. அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். நாலு மணி வண்டி எத்தனை நிமிடம் தாமதம், பதிவேட்டில் காரணம் என்ன எழுதினார்கள் என்று கேட்டு எழுது.

என் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ராத்திரியெல்லாம் விழிக்கவில்லை, ஒரே மூச்சில் எழுதினேன். புத்தகம் அச்சாகிவிட்டது என்று தெரியும். காலியாக இருக்கிற இடத்தில் ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டச் சொல். ஹார்ன் மாமாவிடம் நல்ல பசை இருக்கும்.

வாசலில் நின்றவர் தபால்காரர். நீ அனுப்பிய பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்க வந்திருந்தார். கதவைத் திறந்தபோது முகம் சிவந்து, “எவ்வளவு நேரம்மா நிக்கிறது?” என்று கேட்டார். கடிகாரத்தைப் பார்த்தேன். “ஆறு நிமிஷம் தாமதம். காரணம், நேரக்காப்பாளரோட பொண்ணுன்னு எழுதிக்கோங்க” என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா